சென்னையில் சிக்கிய ‘ஆசியா’

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுபவர்கள் அதை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகக் குறிப்பார்கள். ஒரு புள்ளி கூடுதலாக விழுந்தாலும் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். இதே வேலையை வானத்தில் செய்தவர் நார்மன் போக்சன். இடம், காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 75 கி.மீ. தூரத்தில் உள்ள சென்னை நுங்கம்பாக்கம்.

1861-ல் மெட்ராஸ் வானியல் ஆய்வகத்துக்குப் பொறுப்பேற்றார் போக்சன். வானத்தைப் படம்பிடித்து ஒப்பிடும் வசதி அப்போது இல்லை. ஒரு தொலைநோக்கி, நட்சத்திர வரைபடம், பொறுமை... இவைதான் கருவிகள். வரைபடத்தில் இல்லாத புள்ளி தெரிந்தால், அடுத்தடுத்த இரவுகளிலும் அதைக் கவனிக்க வேண்டும். நட்சத்திரங்களுக்கு நடுவே அது மெல்ல நகர்ந்தால், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சூரியனைச் சுற்றும் சிறுகோளாக இருக்கலாம்.

அப்படி 1861 ஏப்ரல் 17-ல் சிக்கியது ஒரு புள்ளி. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுதான் என்பதால் ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார். அதன் வரிசை எண் 67. பிறகு சாப்போ, சில்வியா, கமில்லா, வேரா என மேலும் நான்கு சிறுகோள்களை சென்னையிலிருந்தே கண்டுபிடித்தார்.

எண் குறைந்தால் வெளிச்சம்!

மொபைலில் வானம் காட்டும் ஆப்களில், ஒவ்வொரு சிறுகோளுக்கும் ஒளியளவு என்று ஓர் எண் இருக்கும். எண் கூடினால் வெளிச்சம் குறைவு. 5 எண் வித்தியாசம் என்றால், வெளிச்சத்தில் 100 மடங்கு வித்தியாசம். 1856-ல் இந்தக் கணக்கைச் சொன்னவரும் இதே போக்சன்தான்.

வெறும் கண்ணுக்கு சுமார் 6 வரைதான் தெரியும். ஆசியா அதைவிட மங்கல். சிறுகோள்களிலேயே பிரகாசமானது வெஸ்டா. பூமிக்கு நன்றாக நெருங்கும் சமயங்களில் அதன் எண் 6-க்கும் கீழே வந்துவிடும். நல்ல இருட்டுள்ள கிராமத்தில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். காஞ்சிபுரம் போன்ற ஊரில் பைனாகுலர் தேவைப்படும்.

மங்கலான புள்ளிகளைத் தேட இருட்டு வேண்டும். இன்றைய நுங்கம்பாக்கத்தில் அது ஏது? பழைய ஆய்வகம் இருந்த வளாகத்தில் இப்போது வானிலை மையம் இயங்குகிறது. 1792-ஐச் சொல்லும் கல்தூண் மட்டும் அங்கே நிற்கிறது. 1988-ல் தமிழ்நாட்டிலிருந்து மறுபடி ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதற்கு இடம் கொடுத்தது ஜவ்வாது மலையின் காவலூர். ராஜமோகன் கண்டுபிடித்த அந்தச் சிறுகோளின் பெயர் ‘ராமானுஜன்’.

வீட்டிலும் முயன்று பார்க்கலாம். வெஸ்டா பிரகாசமாக இருக்கும் மாதத்தில், அது இருக்கும் திசையை ஆப்பில் தெரிந்துகொள்ளுங்கள். பைனாகுலரில் தெரியும் நட்சத்திரங்களைக் குழந்தைகளை விட்டு நோட்டில் புள்ளிகளாக வரையச் சொல்லுங்கள். நான்கு நாள் கழித்து மறுபடி பாருங்கள். ஒரே ஒரு புள்ளி மட்டும் தள்ளிப்போயிருக்கும். அதுதான் வெஸ்டா!

மறக்காமல் மொட்டைமாடி விளக்கை அணைத்துவிடுங்கள்.