அரிக்கொம்பன் போய்விட்டான், ஆனையிறங்கல் கரை?

ஆனையிறங்கல் என்ற பெயருக்குப் பொருள் தேட அகராதி வேண்டியதில்லை. யானை இறங்கும் இடம், அவ்வளவுதான். சூரியநெல்லி, சின்னக்கானல் பகுதியின் தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே விரிந்திருக்கும் அந்த ஏரி, பன்னியாறு நீர்மின் திட்டத்துக்காக எழுப்பப்பட்ட மண் அணையால் உருவானது. அணை மனிதர் கட்டியது. பெயர் யானைகளால் வந்தது. இன்று அந்தக் கரையில் யானையைக் கண்டால் அதனை 'ஊருக்குள் புகுந்த விலங்கு' என்கிறோம்.

2023 ஏப்ரல் 29 அன்று, நான்கு கும்கிகளின் துணையுடன், மயக்க ஊசி செலுத்தி அரிக்கொம்பன் பிடிக்கப்பட்டான். தமிழகத்தில் அவனுக்கு அரிசிக்கொம்பன் என்று பெயர். பன்னியாறு எஸ்டேட் ரேஷன் கடையை அரிசிக்காக மீண்டும் மீண்டும் உடைத்தவன். அவனை முதலில் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கு அனுப்பத்தான் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முதலமடை மக்கள் கொதித்தெழுந்தனர். பெரியாறு புலிகள் காப்பகம் மாற்றிடமாயிற்று. அங்கிருந்து மேகமலை வழியாக மே 27 அன்று கம்பம் நகரத் தெருவுக்கே வந்துவிட்டான். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுசென்றது. இரு மாநிலத் தொலைக்காட்சிகளும் இந்தப் பயணத்தை நிமிடத்துக்கு நிமிடம் காட்டின. அவன் புறப்பட்ட இடத்தின் நிலவரலாற்றைக் காட்டியவர்கள் மிகக் குறைவு.

அந்த வரலாறு ஒரு நியாயமான கோரிக்கையிலிருந்து தொடங்குகிறது. 2001இல் சி. கே. ஜானு தலைமையில் கேரளப் பழங்குடி மக்கள் தலைமைச் செயலகத்தின் முன் குடில் கட்டி 48 நாள் போராடினர். நிலமற்ற குடும்பங்களுக்கு ஒன்று முதல் ஐந்து ஏக்கர் வரை நிலம் தருவதாக ஏ. கே. ஆண்டனி அரசு அக்டோபரில் ஒப்புக்கொண்டது. அந்த வாக்குறுதிக்குப் பின் வந்த குடியமர்த்தல்களில் ஒன்றுதான் ஆனையிறங்கலை ஒட்டிய 301 காலனி. 301 குடும்பங்கள் என்பதால் அந்தப் பெயர். ஊருக்கு ஒரு பெயர் வைக்கக்கூட எவருக்கும் நேரம் இருக்கவில்லை போலும். இடுக்கி மாவட்டத்தின் பல மூலைகளிலிருந்து அழைத்துவரப்பட்ட மக்களுக்கு, யானைகள் மேய்ந்தும் கடந்தும் கொண்டிருந்த புல்வெளியைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அது யானைகளின் இருப்பிடம் என்ற எச்சரிக்கை வனத்துறைக்குள்ளிருந்தே எழுந்தது. கோப்பு நகர்ந்தது, எச்சரிக்கை நகரவில்லை. பெரும்பாலான குடும்பங்கள் பின்னாளில் உயிருக்கு அஞ்சி வெளியேறின. நிலம் கேட்டவர்களுக்கு வாழ முடியாத நிலத்தைக் கொடுப்பதை நிலப் பகிர்வு என்று எப்படிச் சொல்வது?

காலனி மட்டும் காரணமன்று. தேயிலையின் கதை பழையது. ஏலக்காடுகள் ஒருபுறம் விரிந்தன. புல்வெளிகளில் காகித ஆலைக்காக யூகலிப்டஸ் நடப்பட்டது. அதன் நிழலில் யானைக்குத் தின்ன அதிகமொன்றும் முளைப்பதில்லை. மூணாறு சுற்றுலாவின் விடுதிகள் எஞ்சிய முகடுகளில் ஏறின. அருகிலுள்ள மதிகெட்டான் சோலையில் நடந்த ஆக்கிரமிப்பு 2002இல் கேரளத்தையே உலுக்கிய பிறகு, 2003இல் அது தேசியப் பூங்காவானது. பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர். ஒரு யானைக் கூட்டம் வரைபடத்தைப் படித்து அந்த எல்லைக்குள் நின்றுகொள்ளும் என்று எதிர்பார்ப்பது வேடிக்கை. கோடையில் நீர் வற்றும்போது ஏரிக்கரையில் தளிர்க்கும் புல்லையும் தண்ணீரையும் தேடி அவை வந்தே தீரும்.

இதைச் சொல்லும்போது யானைப் பிரியர்களின் மொழியையும் ஐயத்துடன் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023 ஜனவரியில் பன்னியாறு எஸ்டேட் அருகே யானை தாக்கி இறந்தவர், யானைகளை விரட்டுவதில் தேர்ந்த வனத்துறை வாட்சர். பகுதி மக்கள் நம்பியிருந்த மனிதர். தோட்டத் தொழிலாளியும் காலனிவாசியும் இருட்டில் நடந்துதான் வீடு திரும்ப வேண்டும். நகரத்தில் அமர்ந்து 'யானைக்கு நீதி' என்று எழுதுபவர்களுக்கு அந்த நடை தெரியாது. ஆகவே பழங்குடியினரை வெளியேற்றினால் சிக்கல் தீரும் என்பது இரண்டாவது அநீதி. மாற்று நிலம் அவர்களே ஒப்பும் இடத்தில், பயிரிடத் தக்கதாக, பட்டாவுடன் முதலில் கிடைக்க வேண்டும். வெளியேறுதல் அதற்குப் பிறகு, அவர்கள் விருப்பத்தின்படி. 2006 வன உரிமைச் சட்டத்தின் உணர்வும் இதுவே.

யானையின் வாழிடத்தில் மக்களைக் குடியமர்த்தியது ஏன் என்று கேரள உயர் நீதிமன்றம் அரிக்கொம்பன் வழக்கில் வெளிப்படையாகவே கேட்டது. அந்தக் கேள்விக்கு நிலத்தால் பதில் சொல்ல ஒரு வாய்ப்பும் வந்தது. 2023 ஆகஸ்டில் சின்னக்கானலில் சுமார் 364 ஹெக்டேரைக் காப்புக்காடாக்க அறிவிக்கை வெளியானது. எதிர்ப்பு எழுந்தது, சில மாதங்களில் அரசு அதனைக் கிடப்பில் போட்டது. வீடும் பட்டாவும் பறிபோகும் என்று அஞ்சியவர்களின் அச்சம் பொய்யன்று. அவர்களுடன் அமர்ந்து, எல்லையை ஒவ்வொரு சர்வே எண்ணாகப் பேசித் தீர்த்திருக்கலாம். யானையைப் பிடிக்கக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கு அதற்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

அரிக்கொம்பன் அகன்றபின் கரை அமைதியாகிவிடவில்லை. 2024இல் சக்கைக்கொம்பனுடன் மோதிக் காயமுற்ற முறிவாலன் என்ற ஆண் யானை செப்டம்பர் முதல் நாளில் இறந்தது. அடுத்து எவரைப் பிடிப்பது என்ற பேச்சு சின்னக்கானலில் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.