பல்லிக்குப் போன தம்பி!

மாலை ஏழு மணி. கோவை, கணபதியில் ஒரு வீடு. இரண்டாம் வகுப்புப் பையன் கதைப் புத்தகத்தை விரித்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறான்.

"தம்பி... பல்லிக்குப் போனான்."

"பல்லி இல்லடா, பள்ளி! எத்தனை தடவை சொல்றது?" அடுப்படியிலிருந்து அம்மா. மோட்டார் பம்ப் கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்த அலுப்பு அந்தக் குரலில் இருக்கிறது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பையன் புத்தகத்தை மூடிவிட்டான். மறுநாள் புத்தகத்தைப் பார்த்ததுமே வயிறு வலிக்கிறது என்றான்.

வாரக் கடைசியில் அன்னூரிலிருந்து அம்மிச்சி வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "எனக்கொரு கதை படிச்சுச் சொல்லு சாமி" என்று கேட்டதும் பையன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். மறுபடியும் அதே பல்லி!

அம்மிச்சி குறுக்கிடவில்லை. வரி முடிந்ததும், "ஏங்கண்ணு, செவுத்துல இருக்கற பல்லிகிட்டயா போனான்? பையைத் தூக்கிட்டு அங்க எதுக்குப் போனான்?" என்றார், நிஜமான சந்தேகத்தோடு.

பையன் வரியைத் திரும்பப் பார்த்தான். "அய்யோ அம்மிச்சி... பள்ளி! ஸ்கூலு!" என்று அவனே சிரித்துவிட்டான்.

அம்மிச்சி தன்னை அறியாமல் செய்ததை, நியூசிலாந்தின் வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே 1960களிலேயே கவனித்திருக்கிறார். நன்றாக வாசிக்கும் குழந்தைகளும் தப்பு விடுகிறார்கள். ஆனால் பொருள் இடிக்கும்போது நின்று, திரும்பிப் பார்த்து, தாங்களே திருத்திக்கொள்கிறார்கள். நாம் முந்திக்கொண்டு திருத்தினால் அந்தப் பழக்கம் வளர இடமே இருக்காது.

ல-ள-ழ, ர-ற, ன-ண-ந என்று காதுக்கு நெருக்கமான எழுத்துகள் நிறைந்தது தமிழ். இந்தக் குழப்பம் சிறு வயதில் சகஜம்தான். இன்று இரவே இப்படிச் செய்து பாருங்கள்:

• வரி முடியும் வரை காத்திருங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள்.

• "தப்பு" என்பதற்குப் பதில் "அப்படியா போனான்?" என்று பொருளைக் கேளுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கதையைத் தொடருங்கள்.

• குழந்தை தானே திருத்தினால், "நீயே கண்டுபிடிச்சுட்டியே!" என்று அந்த முயற்சியைப் பாராட்டுங்கள்.

• நீங்களும் ஒரு பக்கம் வாசியுங்கள். தடுமாறினால், "அடடா, மாத்திப் படிச்சுட்டேன்" என்று சொல்லித் திருத்துங்கள். பெரியவர்களுக்கும் தப்பு வரும் என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

• கூடப்பிறந்தவர்கள் கேலி செய்ய விடாதீர்கள்.

கதை முடிந்ததும் "நீதி என்ன?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். ஆமை-முயல் கதை என்றால், "தூங்கி எழுந்த முயலுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். முயலின் தப்பைப் பேசும் பிள்ளை, தண்ணீர் பாட்டிலைத் தொலைத்த தன் கதையையும் மெல்ல எடுத்துவிடும். அப்போது திட்டாமல் கேட்டுக்கொண்டால், அடுத்த தப்பையும் உங்களிடம்தான் வந்து சொல்லும்.

புத்தகத்துக்குச் செலவு செய்யத்தான் வேண்டும் என்பதில்லை. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023இல் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிநிலைகளில் குட்டிப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. அரசுப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை மொபைலிலேயே இலவசமாக வாசிக்கலாம்.

மாதக்கணக்கில் வாசித்தும் அதே எழுத்துகளில் திணறினாலோ, புத்தகத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தாலோ, ஆசிரியரிடம் பேசுங்கள். கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

கணபதி வீட்டில் இப்போது அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருகிறார். சுவரில் பல்லி கத்தினால் பையனே சொல்கிறான்: "அம்மா, பள்ளி கூப்பிடுது!"

இந்த முறை அது வேண்டுமென்றே விட்ட தப்பு.