பசலை பூசுதல்

கொல்லிமலைச் செம்மேட்டில் தோழியின் தங்கைக்குத் திருமணம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மணப்பெண்ணின் அறையில் ஒப்பனை நடந்துகொண்டிருந்தது. சமவெளியிலிருந்து வந்திருந்த அழகுக்கலைப் பெண்மணி வட்ட விளக்கொன்றை நிறுத்தி, மேசைமேல் குப்பிகளையும் தூரிகைகளையும் பரப்பியிருந்தார். உடன் இரண்டு மலைப்பெண்கள். தொழில் கற்றுக்கொள்ள வந்தவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியேதான் அவர் வேலையைச் செய்தார். முகம் கழுவித் துடைத்து ஈரப்பசை தடவியாயிற்று. அடுத்து ‘ஃபவுண்டேஷன்’ என்னும் அடிப்பூச்சு. குப்பியைக் கையிலெடுத்தவர் மாணவிகளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“எப்பவுமே ஸ்கின் கலரவிட ரெண்டு ஷேடு ஏத்திப் போடணும்மா. அப்பத்தான் போட்டோவுல எடுக்கும்.”

அந்த இரு பெண்களும் தலையசைத்தார்கள். ஒருத்தி கையிலிருந்த நோட்டில் எழுதியும் கொண்டாள். அவர்கள் இருவருமே மணப்பெண்ணின் நிறந்தான்.

ஒரு மணி நேரம் கழித்து மணப்பெண்ணின் அம்மாயி உள்ளே வந்தார். தினையும் சாமையும் விளைந்த காட்டில் எண்பது வயதுவரை குனிந்து நிமிர்ந்த உடம்பு. பேத்தியின் முகத்தை இரு கைகளாலும் ஏந்தப் போனவர் பாதியில் கைகளை நிறுத்திக்கொண்டார்.

“கண்ணு, மேலுக்குச் சுகமில்லையா? இப்படி வெளுத்துக் கெடக்கறியே.”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மலையிறங்கும்போதுதான், அந்தக் கேள்வி சிரிப்பதற்கானதல்ல என்று பட்டது. அம்மாயி கேட்டது ஈராயிரம் ஆண்டுப் பழமையான கேள்வி.

சங்கக் கவிதையில் தலைவியின் மேனி நிறத்துக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் நிறம் என்பார்கள் உரைகாரர்கள். கருமை என்று கொள்வாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் அது வெளுப்பு அல்ல. வெளுப்புக்கு வேறொரு பெயர் இருக்கிறது: பசலை. தலைவன் பிரிந்தால் மேனியில் படர்வது; உணவு செல்லாமல், உறக்கம் கொள்ளாமல் வருவது. பசலை வந்தவளைப் பார்த்து ஊர் அலர் தூற்றும், தாய் கவலைப்படுவாள், தோழி காரணம் தேடுவாள். குறுந்தொகையின் 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியாரின் தலைவி வருந்துவது, தன் மாமை தனக்கும் உதவாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறதே என்பதற்காக. நிறம் மங்கி வெளிறுவது நோய் என்பதில் அந்த உலகில் யாருக்கும் ஐயமில்லை. செம்மேட்டு அம்மாயிக்கும் இல்லை.

மொழி இன்னும் முழுதாக மாறிவிடவில்லை. அச்சத்தில் முகம் வெளுக்கிறது. துணி வெளுத்துப் போகிறது. சோகை பிடித்த குழந்தை வெளிறிக் கிடக்கிறது. ஆனால் பெண் பார்க்கப் போய்த் திரும்புகிறவர்களிடம் மட்டும் நாம் வேறொரு மொழியில், “பொண்ணு செகப்பா?” என்று கேட்கிறோம்.

நான் ஒப்பனைக்கு எதிரியல்ல. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கல்லூரி நாட்களில் ஒரு நாடகப் பட்டறையில் கூத்து வாத்தியார் ஒருவரிடம் வேடம் கட்டச் சில நாட்கள் கற்றேன். கூத்துக்காரர் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வார். சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் தேங்காயெண்ணெய், பிறகு எண்ணெயில் குழைத்த வண்ணப்பொடி, விளக்குக் கரியில் எடுத்த மை, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். எங்கள் வாத்தியார் முதல் நாள் வண்ணப் பெட்டியைத் திறக்கவே இல்லை. வெறும் எண்ணெயைத் தடவி விட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொந்த முகத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். எலும்பு எங்கே மேடு, கன்னம் எங்கே பள்ளம், புருவம் எங்கே முடிகிறது. “மூஞ்சி தெரியாம என்னத்த எழுதுவ?” என்றார். தொடக்க மாணவருக்கான பாடமென்று நான் கேட்டவற்றுள் இதைவிடச் சிறந்ததை இன்னும் கேட்டதில்லை.

அரிதாரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். நாடக வழக்கில் ஒப்பனை முழுவதற்கும் பெயராகிவிட்ட அச்சொல், ஆதியில் ஒரு கனிமத்தின் பெயர். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல். கதகளியில் ‘சாயில்யம்’ எனப்படும் சிவப்பு, நம் சித்த மருத்துவர்கள் சாதிலிங்கம் என்று சொல்வது. பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. இரண்டும் நஞ்சு. அந்நஞ்சை அணிந்தவர்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது: இரவு பூசியதை விடிந்ததும் எண்ணெய் விட்டுத் துடைத்தெடுப்பது. கூத்தின் சிவந்த முகம் தன்னை இயற்கையான முகம் என்று சொல்லிக்கொள்வதில்லை. அது துரியோதனன் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். அது துரியோதனன் அல்ல என்பது பூசியவருக்குத் தெரியும்.

இன்றைய நஞ்சுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. தோலின் நிறமியான மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால்தான் முறைகேடாகத் தயாராகும் சில வெளுப்புக் களிம்புகளில் அதைச் சேர்க்கிறார்கள். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயால் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்தப் பதினைந்தில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, கண்ணுக்கானவை நீங்கலாக மற்றவற்றில் தற்செயலாகக்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. விதி இருக்கிறது. வாங்குகிறவளிடம் அதைச் சோதிக்கும் கருவி இல்லை.

அழகுக்கலைப் பெண்மணியின் குப்பியில் நஞ்சு இருந்தது என்று நான் சொல்லவில்லை. அது கடையில் கிடைக்கும் வழக்கமான அடிப்பூச்சுதான். மாலையில் கழுவினால் போய்விடும். ஆனால் ‘ரெண்டு ஷேடு ஏத்து’ என்ற பாடம் கழுவினால் போகாது. அந்தப் பாடத்தை நோட்டில் எழுதிக்கொண்ட பெண் நாளை நூறு மணப்பெண்களுக்கு அதையே செய்வாள். தன் முகம் இரண்டு படி கீழே இருக்கிறது என்பதையும் சேர்த்தே அவள் கற்றுக்கொண்டாள்.

தொழில் என்ற அளவிலும் அது பிழையான பாடம். நல்ல ஒப்பனையாளர்கள் சொல்வது வேறு. அடிப்பூச்சின் நிறத்தை மணிக்கட்டில் பார்க்கக் கூடாது. தாடையோரத்தில், கன்னமும் கழுத்தும் கூடுமிடத்தில், ஒரு கோடு இழுத்துப் பார்க்க வேண்டும். வட்ட விளக்கை அணைத்துவிட்டு, சன்னலருகே பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். சில பூச்சுகள் காற்றுப்பட்டு ஒரு சாயல் கறுக்கும். கோடு எங்கே என்று தேடினாலும் தெரியாமல் போகிறதே, அதுதான் உங்கள் குப்பி. வெளிர்பூச்சுப் போட்டால் கழுத்தும் காதும் கையும் காட்டிக்கொடுத்துவிடும். அதன்மேல் தூவும் பவுடர், காமிராவின் மின்னொளி பட்டதும் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். ‘போட்டோவுல எடுக்கும்’ என்று போட்டதே போட்டோவைக் கெடுக்கும்.

இந்தப் பிழைக்கு அந்தப் பெண்மணியை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். சொந்த உழைப்பில் குடும்பம் நடத்துபவர் அவர். ‘பெண் கறுத்துத் தெரிகிறாள்’ என்று மாப்பிள்ளை வீட்டார் யாரேனும் சொல்லிவிட்டால் பேசிய கூலி குறையும். அடுத்த அழைப்பு வராது. அவர் பெட்டியில் இருந்த அடிப்பூச்சுகளை எண்ணிப் பார்த்தேன்: ஆறு. மணப்பெண்ணின் நிறத்துக்கு அருகில் வரக்கூடியது ஒன்றுகூட இல்லை. 2017இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி நிறுவனம் ஒரே நேரத்தில் நாற்பது சாயல்களைக் கொண்டுவந்தபோது உலகமே அதைச் செய்தியாகப் பேசியது. கறுத்த பெண்களும் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது சந்தைக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் 1975 முதல் விற்பனையான ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரிலிருந்த வெண்மையைக் கைவிட்டு ‘க்ளோ’ ஆனது. ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் 2009இல் சென்னையிலிருந்தே புறப்பட்டது. பெயர்கள் மாறுகின்றன. செம்மேட்டு மேசையில் இருந்த ஆறு குப்பிகள் மாறவில்லை.

சினிமாவை இதில் விட்டுவிட முடியாது. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோ நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ நூலில் அதன் ஒப்பனை அறையை மறக்க முடியாதபடி காட்டியிருக்கிறார். லாரி லாரியாக வாங்கப்பட்ட ‘பான்கேக்’ பூச்சும், பார்க்கும்படி இருந்த முகங்களை அங்கே கோரமாக்கி அனுப்பியதும் அவருடைய அடங்கிய நகைச்சுவையில் வருகின்றன. அன்றைய விளக்கும் ஃபிலிமும் அந்தக் கனத்த பூச்சைக் கேட்டன என்றாவது சொல்லலாம். இன்றைய கைபேசிக் காமிரா எதையும் கேட்பதில்லை. கேட்பது நாம்தான்.

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். மணப்பெண்ணிடமே அன்று கேட்டேன். “எனக்குப் பிடிச்சிருக்குக்கா. ஒரு நாள்தானே” என்றாள். அவள் முகம், அவள் விருப்பம். இடையில் நுழைய நான் யார்? ஆனால் விருப்பம் என்பது பல குப்பிகளிலிருந்து ஒன்றைத் தேர்வது. அவளுக்கு முன்னால் அவள் நிறக்குப்பி வைக்கப்படவே இல்லை. வைத்த பிறகும் அவள் வெளிர்பூச்சையே எடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அந்த ஒரு நாள் ஒரு நாளோடு முடிவதும் இல்லை. ஆல்பத்தில் அதுவே ஆயுளுக்கும் நிற்கும். நாளை அவள் மகள் அதைப் புரட்டிப் பார்த்து, அம்மா கல்யாணத்தன்று எவ்வளவு சிவப்பு என்று வியக்கப் போகிறாள். அந்த வியப்பில் தன் நிறத்தைப் பற்றிய ஏக்கமும் ஒரு துளி கலந்திருக்கும்.

கொல்லிமலையைச் சொல்லிவிட்டுக் கொல்லிப்பாவையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நற்றிணை 201ஆம் பாட்டில் பரணர் காட்டும் பாவை, காற்று மோதினாலும் மழை கடுகினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு குலையாதது. இன்றைய விளம்பரங்கள் வாக்களிக்கும் ‘இருபத்துநான்கு மணி நேரம் கலையாத’ ஒப்பனையின் முதல் உருவம் இதுதானோ என்று வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன். அவள் சிரித்தே ஆட்களைக் கொன்றாள் என்று கதை சொல்வார்கள். பாவைக்குக் கலையாத முகம் இருக்கலாம், அவள் கல். மனுஷியின் முகம் வெயிலில் கறுக்கும், வெட்கத்தில் சிவக்கும், வேர்த்துக் கலையும். அம்மாயி இரு கைகளில் ஏந்தக் காத்திருப்பது அந்த முகத்தை.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். சுயதொழில் பயிற்சி என்றும் அழகுக்கலைச் சான்றிதழ் என்றும் ஊர்தோறும் வகுப்புகள் நடக்கின்றன. நடத்துகிறவர்கள் யாராயினும் முதல் நாள் குப்பிகளைத் திறக்க வேண்டாம். மாணவிகளை இருவர் இருவராகச் சன்னலோரம் எதிரெதிரே உட்கார வையுங்கள். எதிரில் இருப்பவளின் நிறம் என்ன என்று சொல்லச் சொல்லுங்கள். ‘கறுப்பு’, ‘மாநிறம்’ என்று ஒற்றைச் சொல்லில் தப்பிக்க விடாதீர்கள். வறுத்த காப்பிக்கொட்டையா, பலாக்கொட்டையின் தோலா, மழைக்குப் பிந்திய செம்மண்ணா, மாந்தளிரா? அதைச் சொல்லத் தெரிந்த பிறகு குப்பியைத் திறக்கட்டும்.