சிஸ்ஆக்ஸில் யார் யார் குடியிருக்கிறார்கள்?

டெல்லி ஆர்.கே.புரத்தில் கிழக்கு பிளாக், மேற்கு பிளாக் என்று மத்திய அரசு அலுவலகங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. 1986-ல் தொடங்கப்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பல ஆண்டுகள் இயங்கியது இங்கே கிழக்கு பிளாக் 7-ல்தான். இந்த அலுவலகங்களில் ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் குறித்துவிட வேண்டும். ஏ, பி பிரிவுகள் நிரந்தரம். சி பிரிவு அதிகபட்சம் 10 ஆண்டு. விதி தெளிவானது. ஆனாலும் 2021 அக்டோபரில் மத்திய அரசு தனி இயக்கம் நடத்திப் பழைய கோப்புகளைக் கழித்தபோது, நாடு முழுக்கச் சுமார் 12 லட்சம் சதுர அடி இடம் வெளிப்பட்டது.

ஆரக்கிள் டேட்டாபேஸில் இதே கூத்து சிஸ்ஆக்ஸ் என்ற டேபிள்ஸ்பேஸில், அதாவது சேமிப்புப் பகுதியில், நடக்கிறது. சிஸ்டம் டேபிள்ஸ்பேஸின் சுமையைக் குறைக்க 10ஜி பதிப்பில் வந்தது இது. அழிக்க முடியாது, பெயரையும் மாற்ற முடியாது. சம்பளப் பட்டியலும் பென்ஷன் கணக்கும் இருக்க வேண்டிய இடமல்ல. டேட்டாபேஸ் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் குறிப்புகள் இங்கே சேர்கின்றன: மணிக்கொரு ஏ.டபிள்யூ.ஆர் (செயல்திறன் பதிவேடு) ஸ்நாப்ஷாட், எந்த செஷன் எதற்காகக் காத்திருந்தது என்ற பதிவு, ஆப்டிமைசர் புள்ளிவிவரங்களின் பழைய பிரதிகள்.

நிரம்பினால் அலர்ட் லாகில் ‘அனேபிள் டு எக்ஸ்டெண்ட்’ வரிகள் வரும். மைய வேலைகள் பெரும்பாலும் நிற்பதில்லை, அதனால் யாரும் பதறுவதுமில்லை. டிபிஏ இன்னொரு டேட்டாஃபைலைச் சேர்த்துவிட்டுப் போவார். ராத்திரி இரண்டு மணிக்கு அது சரி. மறுநாள் பகலிலும் அத்தோடு விட்டுவிடுவதுதான் தப்பு.

முதலில் பார்க்க வேண்டியது வி-டாலர் சிஸ்ஆக்ஸ் ஆக்குபண்ட்ஸ் என்ற வியூ. யார் எத்தனை கேபி பிடித்திருக்கிறார்கள், அவர்களை வேறிடத்துக்கு மாற்ற வழி உண்டா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும்.

ஏ.டபிள்யூ.ஆருக்கு 11ஜி முதல் இயல்பான ஆயுள் 8 நாள்; புள்ளிவிவரப் பிரதிகளுக்கு 31 நாள். இங்கேயும் விதி இருக்கிறது. கழிக்கும் பொறுப்பு எம்மான் என்ற பின்னணி ப்ராசஸுடையது. புள்ளிவிவரப் பிரதிகளுக்கு அது ஒதுக்குவது 5 நிமிடம். அதற்குள் முடியாவிட்டால் விட்டுவிடும். அடுத்த நாள் குவியல் இன்னும் பெரிது, நேரம் அதே 5 நிமிடம். ரிட்டென்ஷன் 31 என்றே காட்டிக்கொண்டிருக்க, உள்ளே மாதக்கணக்கான பிரதிகள் கிடக்கும். 12.2-ல் வந்த ஆட்டோ ஸ்டாட்ஸ் அட்வைசர் இன்னொரு படி மேலே போனது. அதன் முடிவுகளுக்குக் காலவரம்பே வைக்காததால், அறிவுரைகள் மட்டுமே பல ஜிபியை அடைத்துக்கொண்டன.

கையால் பர்ஜ் செய்தாலும் ஏமாற்றம் காத்திருக்கிறது. டிலீட் ஆன வரிகளின் இடம் அந்த டேபிளுக்குள்ளேயே தங்கிவிடும், டேட்டாஃபைலுக்குத் திரும்பாது. டேபிளை மூவ் செய்து, இண்டெக்ஸ்களை ரீபில்ட் செய்தால்தான் இடம் கைக்கு வரும். எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றால் பர்ஜ் ஆல் கொடுத்து ட்ரன்கேட் செய்வது சுலபம். ஆனால் பழைய எக்ஸிகியூஷன் பிளானுக்குத் திரும்ப வேண்டியிருந்தால் அந்தப் பிரதிகளே துணை. நெருக்கடியான வாரத்தில் அவற்றைத் தொடாமலிருப்பது நல்லது.

தணிக்கைப் பதிவுகளின் கதை வேறு. 12சி கொண்டுவந்த யூனிஃபைடு ஆடிட்டும் இயல்பாக சிஸ்ஆக்ஸில்தான் குடியேறுகிறது. அதை நினைத்தபடி கழிக்க முடியாது: சிஸ்டம் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. எனவே ஆடிட்டுக்குத் தனி டேபிள்ஸ்பேஸ் ஒதுக்குவதே வழி. மாற்றும் கட்டளை இனி வரும் பார்ட்டிஷன்களுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே எழுதியவை, ஆர்க்கைவ் செய்து பர்ஜ் ஆகும்வரை சிஸ்ஆக்ஸிலேயே இருக்கும்.