ஒற்றைப் பாட்டின் விலை

பாட்டுக்கு விலை பேசலாமா எனச் சிலர் முகம் சுளிப்பர். பதுளைக் கடைவீதி அதனை என்றோ பேசி முடித்துவிட்டது!

ஒலிநாடா ஓங்கியிருந்த 1980களில், தோட்டத்து இளைஞர் சம்பள நாளன்று பாட்டுப் பட்டியலை மடித்தெடுத்துக்கொண்டு பதுளைக்கு இறங்குவர். 60 நிமிட நாடாவில் பத்துப் பன்னிரண்டு திரைப்பாடல்கள் அடங்கும். பட்டியல் தீர்ந்தும் நாடா மிஞ்சினால், கடைக்காரர் தம் விருப்பப்படி ஒன்றிரண்டைச் சேர்ப்பார். கேட்டறியாத பாட்டு லயத்துக்குள் நுழைந்தது அவ்வழியேதான்.

2003இல் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாட்டை 99 சதத்துக்கு விற்கத் தொடங்கிற்று. நம் தோட்டங்களுக்கோ தனிப்பாட்டு வாணிபம் கைப்பேசியின் அழைப்புப் பாட்டாக வந்து, மாத வாடகை கேட்டது. நாட்கூலிக்காரர் என்ன செய்வார்? ஒரே பாட்டுக்குத்தான் காசு. ஆகவே ஊரறிந்த பாட்டையே எடுத்தார். அவரைக் குறை கூறோம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் ஏறுவதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம்!

ஆனால், மாசியில் ஆடும் காமன் கூத்தைப் பதிந்து விற்க முனைவோர் கதி யாது? பாட்டுக்குப் பாட்டு விலை வைத்தால் அது விலைபோகாது. ஒரு திரைப்பாட்டின் விலைக்குக் கூத்து முழுவதையும் தருக என்கிறோம். முதற்படிகளை மாதச் சம்பளம் பெறும் ஆசிரியரும் எழுதுவினைஞரும், வெலிமடை மரக்கறிச் செய்கையாளரும் வாங்கட்டும்.