செமினரிக்குப் போன பிள்ளை



சபைப் பிள்ளை ஒருவர் இறையியல் படிக்கப் புறப்பட்டால் ஜெபித்து அனுப்புகிறோம். அப்போது யாராவது ஒரு பெரியவர் தனியே கூப்பிட்டு, "படிப்பு படிப்பா இருக்கட்டும் தம்பி, விசுவாசத்த விட்டுடாத" என்பார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

பழைய ஏற்பாட்டு வகுப்பில் ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வைத்து வாசிப்பார்கள். முதலாவதில் மிருகங்களைப் படைத்த பிறகு ஆணும் பெண்ணுமாக மனிதர். இரண்டாவதில் முதலில் ஆதாம், பிறகு மிருகங்கள், கடைசியில் பெண். ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடமான கதைதான். இந்த வரிசை மட்டும் கண்ணில் பட்டிருக்காது. அன்றிரவு முழங்காற்படியிட்டவருக்கு வார்த்தை வரவில்லை என்றால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆதியாகமம் உள்ளிட்ட மோசேயின் ஐந்து ஆகமங்களும் வெவ்வேறு காலத்து நான்கு மூலங்களிலிருந்து உருவானவை என்று வாதிட்டுப் பெரும் செல்வாக்குப் பெற்றவர் ஜெர்மானிய அறிஞர் யூலியுஸ் வெல்ஹவுசன். 1882-ல் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழக இறையியல் பேராசிரியர் பதவியை அவராகவே ராஜினாமா செய்தார். தம்மிடம் படிப்பவர்கள் சபை ஊழியத்துக்குத் தகுதியற்றுப் போகிறார்கள் என்று மனம் உறுத்தியதுதான் காரணம். ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கீழை மொழிகள் கற்பித்தார்.

அந்த நேர்மை பெரிது. ஆனாலும் பழி முழுவதையும் வகுப்பறை மேல் போட எனக்கு மனமில்லை. விடுமுறைக்கு வரும் மாணவரிடம் பிரசங்கம் கேட்கிறோம், சாட்சி கேட்கிறோம். சந்தேகம் உண்டா என்று மட்டும் கேட்பதில்லை. அவரும் சூழ்நிலை அறிந்து, கற்றதை நோட்டோடு பெட்டியில் வைத்துவிட்டு, நமக்குப் பழகிய பிரசங்கத்தையே செய்கிறார். குருப்பட்டம் பெற்ற பின்னும் ஊழியக்காலம் முழுவதும் அப்படியே ஓடிவிடுகிறது. சந்தேகப்படுகிற போதகரிடம் எனக்குப் பயமில்லை. இப்படி மறைத்துப் பழகிய போதகரிடம்தான் பயம். நாளைக்கு உங்கள் மகள் கல்லூரியிலிருந்து அதே ஆதியாகமக் கேள்வியோடு வந்தால், சேகரத்தில் அதைப் பற்றிப் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரோ வாய் திறக்க மாட்டார்.

உங்கள் சபையிலிருந்து செமினரிக்குப் போன பையனோ பெண்ணோ அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். இந்த வருடம் படித்ததில் எது உறுத்தியது என்று கேளுங்கள். பதில் சொல்லவோ திருத்தவோ வேண்டாம். அவர்கள் பேசியது சபைக் கமிட்டி வரை போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்