முழக்கம் எழுதித் தரமாட்டேன்

"அண்ணே, காலேஜ்ல பாதுகாப்பு வாரம். நல்ல முழக்கத்துக்குப் பரிசு உண்டாம். ஒண்ணு எழுதிக் குடுங்கண்ணே" என்றான் எங்கள் தெருத் தம்பி. பொறியியல் முதுகலை படிக்கிறவன். அவன் அம்மா இருபது வருசமாகப் பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிறவர். நான் கவிதை எழுதுகிறவனாம், அதனால் கேட்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பதை அவனுக்கும் மாணவத் தோழர்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

ஆமத்தூரில் வெடிச்சத்தம் கேட்டால் 'என்ன சத்தம்?' என்று யாரும் கேட்பதில்லை. 'எந்தப் பக்கம்?' என்றுதான் கேட்போம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, 38 உயிர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம், இருபதுக்கும் மேல். 2024இல் செங்கமலப்பட்டி. 2025இல் சின்னக்காமன்பட்டி. பெரும்பாலும் மறுநாள் பேப்பரில் ஒரே வார்த்தை: 'உராய்வு'. யார் உராய்த்தது? செத்தவள்தானாம்! ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்கிறது விதி. ஐந்தாவதாக, பத்தாவதாக ஆளை உட்கார வைத்தவன் யார்? உள்குத்தகைக்கு விட்டவன் யார்? உராய்வுக்கு முதலாளியும் இல்லை, சாதியும் இல்லை. செத்தவளுக்கு இரண்டும் உண்டு.

'அது படிக்காத சனங்க வேலை பார்க்கிற இடம்' என்பார்கள் படித்த கனவான்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம், 2010 ஜனவரி 7. ஆய்வு மாணவர் ஒருவர் வெடிக்கும் சேர்மம் ஒன்றைக் கல்வத்தில் இட்டு அரைத்தார். வரம்பு 100 மில்லிகிராம், கையில் இருந்ததோ 10 கிராம். மூன்று விரல்கள் போயின. அதுவும் உராய்வுதான். ஆனால் அந்நாட்டு இரசாயனப் பாதுகாப்பு வாரியம் அதோடு கோப்பை மூடவில்லை. அதே ஆய்வுக்குழுவில் முன்பே நடந்த இரண்டு சிறு விபத்துகள் பாடமாக்கப்படவில்லை என்பதைக் கண்டது. பேராசிரியர், துறை, பல்கலைக்கழகம், பணம் கொடுத்த அமைப்பு வரை கேள்வி போனது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் 2018 டிசம்பர் 5 அன்று வாயு உருளை வெடித்து ஓர் ஆய்வாளர் இறந்தார். பட்டம் யாரையும் காப்பாற்றுவதில்லை.

தம்பி, உன் ஆய்வுக்குழுவில் 'பாதுகாப்புப் பண்பாடு' இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? சுவரொட்டியைப் பார்க்காதே. மூன்று விசயம் பார். மயிரிழையில் தப்பிய சம்பவத்தை முதலாண்டு மாணவன் பயமில்லாமல் எழுதி வைக்க முடிகிறதா? பேராசிரியர் கண்ணாடி போடாமல் நுழைந்தால் 'சார், கண்ணாடி' என்று ஒருவன் சொல்ல முடியுமா, சொன்னவனின் ஆய்வேட்டில் கையெழுத்து விழுமா? குடுவை கழுவுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு, அதில் என்ன இருந்தது என்று யாராவது தமிழில் சொன்னார்களா?

மூன்றும் ஒரே கேள்விதான். கீழே இருப்பவர் 'நிறுத்து' என்றால் வேலை நிற்குமா? 'கோட்டாவில் வந்தவன்' என்று முதல்நாளே முத்திரை குத்தப்பட்ட நம் பிள்ளை, அந்த ஒரு சொல்லைச் சொல்ல எத்தனை தடவை எச்சில் விழுங்குவான்! கேட்டால் 'அறிவில்லை', கேட்காமல் கை போனால் 'அலட்சியம்'. வாயைக் கட்டிப்போடும் இடத்தில் நடப்பது சாதிப் பண்பாடு. அதற்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டால் பாதுகாப்பு ஆகிவிடுமா?

நான் வங்கி எழுத்தர். எங்கள் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், ஒன்று காசாளரிடம். மேனேஜரே வந்து நின்றாலும் காசாளர் சாவி இல்லாமல் திறக்காது. தனி ஒருவரின் அதிகாரத்தை நம்பிப் பணத்தை விடக்கூடாது என்று தெரிந்துதான் இந்த ஏற்பாடு. உயிருக்கு அந்த இரண்டாவது சாவி எங்கே? நிவாரணக் காசோலையை நீட்டுகிற கைகளையும் அதே கவுண்டரில்தான் பார்க்கிறேன்.

ஆகவே முழக்கம் வேண்டாம் தம்பி. சாவியைக் கேள். 'ஆபத்து என்று கண்டால் யாரும் வேலையை நிறுத்தலாம், நிறுத்தியவர் மீது நடவடிக்கை கிடையாது' என்று எழுத்தில் கேள். துறைத் தலைவர் கையெழுத்துப் போடட்டும். பிறகு பரிசு கொடுக்கட்டும். அடுத்து நாம் எல்லோரும் சேர்ந்து போக வேண்டியது உன் அம்மாவின் மருந்து அறைக்கு.